ஒன்பது நிமிடத் தாமதம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் போட்டியை முடித்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? முடிக்கவில்லை. பொய் சொன்னேன்.

கடலில் நாலு கிலோமீட்டர் நீந்தியது உண்மை. அடுத்து நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். அதை மாலை ஐந்தரைக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு அனுப்புவார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கரும்பாறை வெளியில் முகத்தில் அறையும் எதிர்காற்று. நான் வேலை பார்க்கிற ஹோட்டலின் தோட்டக்காரரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் செயின் மூன்று தடவை கழன்றது. நான் வந்து சேர்ந்தபோது ஐந்து முப்பத்தொன்பது. ஒன்பது நிமிடம் தாமதம். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் என் காலருகே குனிந்து, கணுக்காலில் கட்டியிருந்த நேரப்பட்டையை அவிழ்த்துக்கொண்டார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் ஒரு அடிகூட வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மேஜையில் உன் கடிதம். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே நீ எழுதிப் போட்டது. 'நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடித்த வீராங்கனையின் தம்பி கடை' என்று சைக்கிள் கடை வாசலில் போர்டு மாட்டிவிட்டதாக அதில் எழுதியிருந்தாய். உன்னை யார் அவசரப்படச் சொன்னது? தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவனிடம் நான் என்னவென்று சொல்வது? 'ஆமாம், முடித்தேன்' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தை மூன்று மாதமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நாம் போனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறதே. திட்டுவதென்றாலும் எழுதித் திட்டு. இந்த அக்டோபருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

உன் பொய்க்கார அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? உன் வீட்டுக்காரிக்கு முதுகுவலி என்று முன்பு எழுதியிருந்தாயே, குறைந்ததா?

ஆறு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்கிறார் உன் அத்தான். அவர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற மனிதர். எது கெட்டாலும் வெளியிலிருந்து ஒரு காரணம் கண்டுபிடிப்பார். எனக்குத் தெரியும், நீ முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

சின்ன வயதில் கோபம் வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். இப்போது தொப்பை இடிக்கும். வெளியே வா.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வணக்கம். 'அன்புள்ள' என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் சுகம். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு கடிதமும் வந்தன. எதுவும் தொலையவில்லை. அத்தானிடம் சொல்.

நாப்பத்தஞ்சு வயசுத் தம்பி முகத்துல கரியைப் பூசிட்டியே என்று எழுத ஆரம்பித்து நாலு தாள் கிழித்துப் போட்டேன். போர்டு மாட்டியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்க்கடை சலூன்காரர் தினமும் பத்துப் பேருக்கு முடிவெட்டுகிறார். பத்துப் பேருக்கும் உன் கதையைத்தான் சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். மூன்று தடவை செயின் கழன்ற சைக்கிளில் என் அக்கா போட்டிக்குப் போனாள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அவமானம். நீ முடிக்காததைவிட இது பெரிய அவமானம். சைக்கிளை நான் கட்டி அனுப்புகிறேன். ஃபிரேமிலிருந்து பெல் வரைக்கும். தொடையிடுக்கிலிருந்து குதிகால் வரைக்கும் கால் அளவு எடுத்து அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை முடி.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள கோபக்காரத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பிறகு திரும்பப் படித்தபோது அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, திட்டுதான் இருக்கிறது. இருந்தாலும் அழுதாயிற்று.

கால் அளவு முப்பது அங்குலம். சந்தேகமே வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகச் சலவை அறையில் வேலை செய்கிறவள், இந்த ஹோட்டல் ஆட்கள் அத்தனை பேருக்கும் சீருடை அளவு எடுத்துத் தையற்காரருக்கு எழுதி அனுப்புகிறவள். அளவில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

பயிற்சியைக் கேள். காலை நாலரைக்குக் கடல். இந்தத் தீவில் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர் என்ற பேச்சே இல்லை. ஆறரைக்குச் சலவை அறை. இஸ்திரி மேஜை ஒன்பது, பெரிய உலர்த்தும் எந்திரம் நாலு. உள்ளே நிற்கிறவளுக்கு வேர்வை குதிகாலில் சொட்டும். மாலையில் மலைச்சாலையில் ஓட்டம். போட்டிக்கென்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் வெயிலைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். நான் அவர்களுடைய துண்டுகளை மடித்துக்கொண்டே நினைத்துக்கொள்வேன்: நான் நிற்கிற அறையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கப்பா, வெளியே வெயில் நிழலாகத் தெரியும்.

சலூன்காரர் என்ன சொல்கிறார்? போர்டு இன்னும் இருக்கிறதா? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள' போட்டுவிட்டேன், பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம்.

சைக்கிள் நேற்றுக் கப்பலேறிவிட்டது. இரண்டு மாதமாகக் கடைக்கு வந்த வேலையில் பஞ்சர் மட்டும்தான் ஒட்டினேன், மீதி நேரமெல்லாம் உன் சைக்கிள்தான். ஃபிரேமைப் பற்றவைத்து, அராவி, பெயின்ட் அடித்தேன். ஒவ்வொரு நட்டையும் முறுக்கிய பிறகு உன் தம்பி பெண்டாட்டியின் நெயில் பாலிஷில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். கோடு விலகியிருந்தால் உடனே முறுக்கு. "என் பாட்டில் காலி, புதுசு வாங்கித் தாங்க" என்று அவள் இன்னும் நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைக்கு வருகிறவர்கள் உன்னை விசாரிக்காமல் போவதில்லை. சலூன்காரர் போனில் உங்கள் போட்டியின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யார் எங்கே ஓடுகிறார்கள் என்று ஒரு புள்ளி காட்டுமாம். அக்டோபரில் உன் புள்ளியைப் பார்க்கப் போகிறாராம்.

ஹேண்டில்பாரைப் பிடித்து மட்டும் தூக்காதே. ஃபிரேமைப் பிடித்துத் தூக்கு.

தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான், இடுப்பைத் தவிர. ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது சலவை அறைப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். நீல நிறம், அடேயப்பா, கண்ணை எடுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினேன், அப்போதும் எட்டவில்லை. பெடல் கீழே போகும்போதெல்லாம் நானும் அந்தப் பக்கமாகச் சரிந்தேன். இரண்டாவது தடவை நிஜமாகவே விழுந்தேன்.

உன்னைத் திட்டிக்கொண்டே அளவெடுத்தேன். என் கால் இருபத்தெட்டு அங்குலம். முப்பது இல்லை.

என்ன நடந்தது தெரியுமா? சீருடைக்கு அளவு எழுதும்போது துணி துவைத்தால் சுருங்கும் என்று இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவது எங்கள் வழக்கம். கை அப்படியே பழகிவிட்டது. என் காலுக்கும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதியிருக்கிறேன். என் கால் என்ன, துவைத்தால் சுருங்குமா? சலவை அறையில் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளரே ஓடி வந்துவிட்டார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. நான் கூட்டியது இரண்டு அங்குலம். சைக்கிள் நாலு அங்குலம் உயரமாக இருக்கிறதே?

உன் அத்தான் சைக்கிளைப் படகுப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஃபிரேமை அறுத்து, நாலு அங்குலம் எடுத்துவிட்டு, திரும்பப் பற்றவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது கச்சிதம். கோபப்படாதே.

அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாகத்தான் இருந்தேன், 'ஃபிரேமை அறுத்து' என்ற இடம் வரைக்கும். அதைப் படித்துவிட்டுக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மீதி இரண்டு அங்குலம் என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் வெறுங்காலில் நின்று, கூன் போட்டு, குறைத்துத்தான் அளவு சொல்வார்கள். அதனால் நானாக இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்வது வழக்கம். நீ முப்பது என்றாய், நான் முப்பத்திரண்டு போட்டேன். அக்கா அஞ்சடி மூணு அங்குலம்தானே, கால் எப்படி இவ்வளவு நீளம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்டு எழுதியிருக்கலாம். அப்போது உன்மேல் இருந்த கோபத்தில் கேட்கவில்லை. நீயும் இரண்டாவது தடவை அளக்கவில்லை. நம் குடும்பத்து லட்சணம் அது.

அத்தான் வைத்த வெல்டிங்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் படகுக்கு வைக்கிறவர். ஆனாலும் வாரம் ஒரு தடவை அந்த இடத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் தடவிப் பார். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் ஏறாதே. போட்டி போனால் போகிறது, நீ வேண்டும்.

இதை எழுதியது நான்தான் என்று யாரிடமும் சொல்லாதே.

தம்பி


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

இன்னும் ஒரு மாதம். வெல்டிங் நன்றாக இருக்கிறது. கோடெல்லாம் நேராக இருக்கிறது. போன ஞாயிறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஓடினேன். கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்த மஞ்சள் தொப்பிக்காரர் என் காலருகே குனிகிறார். எனக்காக என்றால் இவ்வளவு பயம் இருக்காது. ஐம்பது வயதில் இஸ்திரி போடுகிறவள் தோற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? உன் போர்டுதான் பயம். சலூன்காரர் போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பாரே. புள்ளி நின்றுவிட்டால் இந்த வருடமும் தெரிந்துவிடும், போன வருடத்துப் பொய்யும் தெரிந்துவிடும். அந்தத் தெருவில் நீ தலை நிமிர்ந்து கடை திறக்க வேண்டாமா?

நான் ஓடுவதே அதற்காகத்தான், தம்பி. நீ சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது. போர்டு என்ன ஆயிற்று என்று மார்ச்சிலேயே கேட்டேன், நீ பதிலே சொல்லவில்லை. இதற்காவது பதில் போடு. போட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் தெம்பாக இருக்கும்.

அக்கா


அக்டோபர் 14

என் தம்பிக்கு,

கடைசியில்தான் சுகம் விசாரிப்பேன். முதலில் இதைக் கேள். முடித்துவிட்டேன்! பதினாறு மணி இருபத்தொரு நிமிடம். நேரப்பட்டை என் காலிலேயே இருக்கிறது, கழற்ற மனம் வராமல் அதோடு குளித்தேன்.

காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கினோம். ஆயிரத்துச் சொச்சம் பேர். முதல் கால் மணி நேரம் யார் கை யார் மூக்கில் என்றே தெரியாது. ஒரு மாமிசமலை என்மேல் ஏறியே நீந்திப் போனார். நான் ஓரமாக ஒதுங்கி என் பாட்டுக்கு நீந்தினேன். கரையேறியபோது ஒரு மணி ஐம்பது நிமிடம்.

பிறகு உன் சைக்கிள். மன்னித்துக்கொள், உன் சைக்கிளும் உன் அத்தான் சைக்கிளும். கரும்பாறை வெளியில் காற்று போன வருடத்தைவிட மோசம். பாறையிலிருந்து வெக்கை எழும்பி மோவாயில் அடித்தது. நம் ஊர்க் காசில் பத்தாயிரம் செலவழித்து வாங்கிய தலைக்கவசம் போட்டவர்கள் சாலையோரம் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது புதன்கிழமை மதியம் சலவை அறையில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஒவ்வொருவராகத் தாண்டினேன். தாண்டும்போது உன் பெல்லை அடித்தேன். போட்டியில் யாரும் பெல் வைத்துக்கொள்வதில்லையாம்! இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன், "அம்மா, எப்படிம்மா இந்த வெயில்ல சிரிக்கிறீங்க?" என்று கேட்டான். "இது வெயிலாப்பா?" என்றேன். செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை.

சைக்கிள் முடியும் இடத்தில் அதே மஞ்சள் தொப்பிக்காரர். மணி ஐந்து ஐந்து. இருபத்தைந்து நிமிடம் முன்னால்! அவர் குனியப் பார்த்தார். "காலைத் தொட்டீங்கன்னா தெரியும்" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து போய், "இல்லம்மா, உங்க ஷூ நாடா அவுந்திருக்கு" என்றார். அவரே கட்டிவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

ஓட்டம் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இருபது கிலோமீட்டர் ஓடினேன். பிறகு ஓட்டமும் நடையும். இருட்டிவிட்டது. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் வயிறு புரட்டி, சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்காரவே கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். தொடை இரண்டும் மரத்துவிட்டன. தொண்டர் ஒரு பெண் வந்து, "வண்டியக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். 'ம்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. பாசமெல்லாம் ஒன்றுமில்லை. பயந்து செத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இந்தப் பயல் ஒரு வரி பதில் போடவில்லையே என்று கோபம் வந்தது. வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். மீதிப் பதினோரு கிலோமீட்டரும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு வசவு.

கடைசித் தெருவில் இரண்டு பக்கமும் சனம். எங்கள் சலவை அறைப் பெண்கள் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஆட்டினார்கள். ஹோட்டல் விரிப்பு! திங்கட்கிழமை கணக்குக் கேட்பார்கள். ஒலிபெருக்கியில் என் எண்ணைச் சொல்லி, "சலவைத் தொழிலாளி, வயது ஐம்பது" என்றார்கள். கோட்டைத் தாண்டினேன். உன் அத்தான் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "பசிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். முகமெல்லாம் ஈரம் அவருக்கு.

இனிமேல் உன் போர்டு பொய்யில்லை. நிம்மதியாகக் கடை திற. நீ சுகமா?

போட்டியை முடித்த உன் அக்கா


நவம்பர் 3

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. கத்தியதில்.

பதில் போடாததற்குத் திட்டியிருக்கிறாய். நியாயம். இப்போது சொல்கிறேன். ஜனவரியில் உன் முதல் கடிதம் வந்தது அல்லவா? அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றிவிட்டேன். "என்னாச்சு, எதுக்குக் கழட்டுறீங்க?" என்று சலூன்காரர் கேட்டார். "எங்கக்கா முடிக்கல. சைக்கிள்லயே நிறுத்திட்டாங்க. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி போர்டு மாட்டிட்டேன்" என்று சொன்னேன். பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். அந்த இரண்டு மாதம் நான் எழுதாமல் இருந்தது அதனால்தான். பகலெல்லாம் அதையே சொல்லிவிட்டு, உட்கார்ந்து உனக்கு எழுதத் தெம்பில்லை.

உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. முதலில் கோபம். பிறகு, சொல்லிவிட்டால் அப்பாடா என்று நீ சும்மா இருந்துவிடுவாயோ என்ற பயம். செப்டம்பர் கடிதம் வந்ததும் மனசு கேட்கவில்லை. நீ கடலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அத்தானுக்குப் போன் போட்டேன். "போர்டை எப்பவோ கழட்டிட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவரோ, "வேணாம் மச்சான். இந்தப் பயத்துலதான் நல்லா ஓட்டுறா" என்றார். அவர்மேல் ஏதாவது கோபம் என்றால் நீயே தீர்த்துக்கொள்.

நீ ஓடியபோது இங்கே மறுநாள் பகல். சலூன்காரர் போனைக் கடையின் பெரிய கண்ணாடிமேல் சாய்த்து வைத்தார். நான், உன் தம்பி பெண்டாட்டி, தபால்காரர், மாவு மில்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு பேர். பத்து மணிக்குள் முப்பது பேர் ஆகிவிட்டார்கள். பாதி மழித்த தாடியோடு ஒருவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உங்கள் ஊர் மணி ஐந்து ஐந்துக்கு உன் புள்ளி சைக்கிளை விட்டு ஓட்டத்துக்கு மாறியபோது தபால்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

பிறகு புள்ளி நின்றது. ஏழு நிமிடம். நீ கல்லில் உட்கார்ந்த நேரம் அதுதான். "எந்திரி தாயி, எந்திரி" என்று சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சினார், கையில் கத்தியோடு. புள்ளி அசைந்ததும் அவர் அழுதார். நானும்தான்.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் ஓடினேன் என்று எழுதியிருக்கிறாய். அது ஜனவரியிலேயே கப்பலேறிவிட்டது, அக்கா. நீ போன வருடம் முடிக்கவில்லை என்று அந்த முப்பது பேருக்கும் தெரியும். தெரிந்துதான் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

உன் தம்பி